காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், ஐடிலிங்கில் மிஸ்ஸிங், மேட்டில் இழுவைக் குறைவு: குற்றம் இன்ஜெக்டரிலா, டீசல் வரும் வழியிலா?

கேள்வி: பாரவண்டி

அனைவருக்கும் வணக்கம். ஆறு சிலிண்டர் காமன் ரெயில் (எல்லா சிலிண்டருக்கும் பொதுவான, உயர் அழுத்தத்தில் டீசல் நிற்கும் ரெயில் என்ற குழாய் உள்ள) டீசல் எஞ்சின் பொருத்திய சரக்கு லாரி ஒன்றை நானே ஓட்டி, நானே பராமரித்தும் வருகிறேன். வண்டி இதுவரை நான்கரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மாதமாக எஞ்சின் சீராக ஓடவில்லை.

முன்பெல்லாம் காலையில் செல்ஃப் போட்டதும் இரண்டு விநாடிக்குள் பற்றிக்கொள்ளும் எஞ்சின், இப்போது பன்னிரண்டு முதல் பதினைந்து விநாடி வரை சுற்றிய பிறகே பற்றுகிறது. பற்றிய பின்பும் 600 ஆர்.பி.எம்-இல் (நிமிடத்துக்கு 600 சுற்றில்) நிற்க வேண்டிய ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோதுள்ள ஓட்டம், 500-க்கும் 700-க்கும் இடையே ஏறி இறங்கி ஊசலாடுகிறது. கண்ணை எரிக்கும் வெண்புகையும் வருகிறது. ஐந்து பத்து நிமிடத்தில் ஊசலாட்டம் ஓரளவு அடங்கினாலும், கேபினில் உட்கார்ந்திருக்கும்போது முதுகில் தெரிகிற ஓர் அதிர்வு மட்டும் நிற்பதில்லை. பாரத்துடன் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மேடு ஏறினால், ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தும் இழுவை கிடைப்பதில்லை. சில சமயம் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில், ரெயில் பிரஷர் வேண்டிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்ற ஒரே ஃபால்ட் கோட்தான் (பிழைக் குறியீடு) திரும்பத் திரும்பப் பதிவாகியிருந்தது.

டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றினேன். இரண்டு நாள் வண்டி பழையபடி ஓடியது. மூன்றாம் நாள் அதே தொல்லை திரும்பியது. பட்டறையில் காட்டியபோது, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும், அப்போதும் சரியாகாவிட்டால் ரெயிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் ஹை பிரஷர் பம்ப்பையும் மாற்ற வேண்டும் என்றார்கள். எதையும் அளந்து பார்க்காமல் சொன்ன அந்த யோசனையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. எதையும் கழற்றுவதற்கு முன்னால் எந்தச் சோதனைகளை எந்த வரிசையில் செய்ய வேண்டும், எந்த முடிவு எதைக் காட்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: பம்ப்மேடை

இன்ஜெக்டரையும் பம்ப்பையும் மேடையில் ஏற்றிச் சோதிப்பதே என் தொழில். என்னிடம் வரும் இன்ஜெக்டர்களில் கணிசமானவை எந்தக் குறையும் இல்லாதவை என்பதால், நீங்கள் தயங்கியது சரி என்றே நினைக்கிறேன்.

முதலில் காதால் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிகிறது. ஆகவே 600 ஆர்.பி.எம்-இல் ஒரு சிலிண்டர் விநாடிக்கு ஐந்து முறை எரியும். ஆறும் சேர்ந்து முப்பது முறை. ஒரே ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றால், அந்த மிஸ்ஸிங் தாளம் தவறாமல், விநாடிக்கு ஐந்து தட்டாக ஒரே சீராகக் கேட்கும். அப்படித் தாளத்தோடு அடித்தால் அந்த ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டரையோ, அதற்குப் போகும் ஒயரையோ, வால்வையோ, கம்ப்ரஷனையோ சந்தேகிக்க வேண்டும். தாளமே இல்லாமல், ஒரு நேரம் அடங்கி ஒரு நேரம் கூடி, ஆர்.பி.எம் முழுவதுமாக அலைபாய்ந்தால், ஆறு சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்றில், அதாவது டீசல் வரத்திலோ ரெயில் பிரஷரிலோ கோளாறு இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்தால் இரண்டும் கலந்திருப்பதுபோலத் தோன்றுகிறது: காலையில் தெரிவது அலைபாய்தல், பிறகு மிஞ்சுவது தாளத்தோடு வரும் அதிர்வு. ஒரு வண்டியில் ஒரு குறைதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தேடுவதால்தான் பலர் பாதி வழியில் குழம்பிப் போகிறார்கள்.

என் வழக்கம் ரிட்டர்ன், அதாவது இன்ஜெக்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசலை அளக்கும் சோதனையில் தொடங்குவது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி அளவுக் குவளையில் விட்டு, குறித்த நேரம் ஐடிலிங்கில் ஓடவிட்டு, எதில் எவ்வளவு டீசல் சேர்ந்தது என்று ஒப்பிட வேண்டும். உள்ளே தேய்ந்துபோன இன்ஜெக்டர், ரெயிலில் நிற்க வேண்டிய டீசலை ரிட்டர்னில் கசியவிடும். அதனால் ரெயில் பிரஷர் ஏறாமல் செல்ஃப் நீளும். உங்கள் ஃபால்ட் கோடுக்கும் அது பொருந்துகிறது. சில எஞ்சின்களில் ரிட்டர்ன் வழி சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே ஓடுவதால் வெளியே தனிக் குழாய்கள் இருக்காது. அவற்றில் மொத்த ரிட்டர்னை அளந்துவிட்டு, ரெயிலில் ஒவ்வொரு சிலிண்டருக்குமான வாயை அதற்கென உள்ள மூடியால் அடைத்து, எதை அடைக்கும்போது ரிட்டர்ன் சட்டென்று குறைகிறது என்று பார்ப்பார்கள்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய இன்லைன் பம்ப் எஞ்சின்களில், ஓடும்போதே இன்ஜெக்டர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அதுவே கெட்ட சிலிண்டர் என்று கண்டுபிடிக்கும் பழக்கம் இருந்தது. காமன் ரெயிலில் அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். ஐடிலிங்கிலேயே ரெயிலில் முந்நூறு பார் (ஒரு பார் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம்) அளவுக்கு அழுத்தம் இருக்கும். முழு பாரத்தில் 1600 பாரையும் தாண்டும். அந்த அழுத்தத்தில் மயிரிழைத் துளை வழியாக வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் ஊசி குத்தியதுபோல் மட்டுமே தெரிந்தாலும், உள்ளே சதை அழுகி விரலையே இழக்க நேரிடலாம்; அப்படி நேர்ந்தால் வலி வரும்வரை காத்திராமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேடும்போது கையால் தடவாமல் அட்டைத் துண்டு ஒன்றைக் காட்டிப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் ரெயில் பிரஷர் இறங்கிவிட்டதா என்று ஸ்கேனரில் உறுதி செய்துகொண்டே எந்த நட்டிலும் ஸ்பேனரை வையுங்கள்.

பதில்: அளவுமானி

மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றை நானும் ஏற்கிறேன். ஆனால் வரிசையில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஹை பிரஷர் பக்கத்தைத் தொடுவதற்கு முன், டேங்கில் தொடங்கி ஹை பிரஷர் பம்ப்பின் வாய் வரையுள்ள லோ பிரஷர் பக்கம் சரியாக இருக்கிறது என்று நிரூபித்துவிட வேண்டும். பம்ப்புக்குள் காற்றுக் குமிழ் கலந்த டீசல் போகும்வரை, ரிட்டர்னில் அளக்கும் அளவையோ ஸ்கேனரில் தெரியும் எண்ணையோ நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது.

இதற்குக் காரணம் உண்டு. காமன் ரெயில் பம்ப்பின் பிளஞ்சர் (டீசலை அழுத்தும் தண்டு) ஒவ்வொரு அடியிலும் மிகச் சிறிய அளவு டீசலைத்தான் அழுத்துகிறது. 1000 பார் அழுத்தத்தில் டீசலே சில சதவீதம் சுருங்கிவிடும் என்றாலும் அது கணக்கில் வைக்கப்பட்ட சுருக்கம். அந்த இடத்தில் ஒரு காற்றுக் குமிழ் புகுந்துவிட்டால், பிளஞ்சரின் உழைப்பு முழுவதும் குமிழை நசுக்குவதிலேயே செலவாகி, ரெயிலுக்குள் எதுவும் போய்ச் சேராது. அடுத்த அடியில் குமிழ் இல்லாவிட்டால் பிரஷர் ஏறும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் அதைத் திருத்த முயலும். மறுபடி குமிழ் வரும். இப்படி நேர்வதைத்தான் நீங்கள் ஐடிலிங் ஊசலாட்டமாகப் பார்க்கிறீர்கள். இதோடு, இந்த பம்ப்புகளுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் டீசலே மசகு என்பதால், காற்றோடு நீண்டநாள் ஓடினால் நல்ல உறுப்புகளும் தேய்ந்து கெடும்.

காற்று எங்கே நுழைய முடியும் என்று யோசிக்கும்போது ஒரு விதியை மனதில் வையுங்கள். எஞ்சின் ஓடும்போது டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்து ஹை பிரஷர் பம்ப்புக்குக் கொடுப்பது) வரை குழாய்க்குள் இருப்பது உறிஞ்சல். ஃபீட் பம்ப்பைத் தாண்டிய பிறகு சில பார் அழுத்தம். அழுத்தமுள்ள பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டி, ஓட்டை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால், வெளியே துளி ஈரமும் தெரியாமல் காற்று உள்ளே போகும். எங்கும் கசிவில்லை, ஆகவே குழாய்கள் சரி என்று பலர் தவறான முடிவுக்கு வருவது இதனால்தான்.

ஆகவே, உறிஞ்சும் பக்கத்தில் ஃபீட் பம்ப்புக்குச் சற்று முன்னால், டீசல் தாங்கும் தெளிவான ஹோஸ் ஒன்றை ஓர் அடி நீளத்துக்குப் பொருத்துங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகே பார்க்க வேண்டும். ஹோஸை மாட்டும்போது புகுந்த காற்று முதலில் வெளியேறட்டும். அதன் பின்னும் குமிழ் தொடர்ந்து வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை உண்டு. அதே இடத்தில் வேக்வம் கேஜையும் இணைத்து, 2000 ஆர்.பி.எம் அளவுக்கு ரேஸ் செய்து பாருங்கள். எஞ்சினின் கையேட்டில் சொன்ன வரம்பைவிட உறிஞ்சல் கூடுதலாக இருந்தால் எங்கோ அடைப்பு. உறிஞ்சல் குறைவாக இருந்து குமிழும் வந்தால் எங்கோ ஓட்டை. ஒரு கேஜ் சொல்லும் இந்த இரண்டு பதில்களும் எதிரெதிர்த் திசையில் தேடச் சொல்கின்றன என்பதால், ஊகத்தைவிட இந்த அளவு பல மடங்கு பயனுள்ளது.

குமிழ் வந்தால் அடுத்தது கேன் சோதனை. சுத்தமான டீசல் நிரப்பிய கேன் ஒன்றைப் பத்திரமாகக் கட்டிவைத்து, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, சிறிய ஹோஸ் மூலம் முதல் ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசல் போகும்படி செய்யுங்கள். ரிட்டர்னையும் அதே கேனுக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் கேன் விரைவில் காலியாகிவிடும். இப்படி ஓட்டும்போது குமிழ் நின்று எஞ்சின் சீரானால், குற்றம் டேங்குக்கும் ஃபில்டருக்கும் இடையில்தான். நிற்காவிட்டால் ஃபில்டர் ஹெட், கைப் பம்ப்பின் வால்வு, அதற்குப் பிறகு உள்ள இணைப்புகள், ஃபீட் பம்ப்பின் சீல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தேட வேண்டிய இடம் ஒரே அடியில் பாதியாகிவிடும்.

நீங்கள் எழுதாத சிலவற்றையும் கேட்க விரும்புகிறேன். காலையில் செல்ஃப் போடுவதற்கு முன் ஃபில்டர் மேலுள்ள கைப் பம்ப்பை அது கெட்டியாகும்வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பற்றுகிறதா? இந்தத் தொல்லை டேங்கில் டீசல் அதிகமாக இருக்கும்போதும் குறைவாக இருக்கும்போதும் ஒரே மாதிரி வருகிறதா? ஃபில்டர் மாற்றிய அன்று டீசலும் நிரப்பினீர்களா? மூன்றாவது கேள்விக்கான பதிலை நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

பதில்: பழைய ஓட்டுநர்

முப்பது ஆண்டு லாரி ஓட்டி ஓய்ந்தவன் என்ற உரிமையில் இரண்டு எளிய காரியங்களைச் சொல்கிறேன்; இரண்டுக்கும் கருவி எதுவும் வேண்டாம்.

இழுவை குறையும் அந்த மேட்டிலேயே, பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரம்கட்டி டேங்க் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி சிறிது நேரம் நன்றாக இழுத்தால், டேங்கின் காற்றுப்போக்கித் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வழி இல்லாததால், ஃபீட் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. மண்ணும் தூசியும் படிந்து இந்தத் துளை அடைத்துப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குடுவை அளவுக்கு வடித்து, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். டீசலைவிட நீர் கனமானது என்பதால் அது கீழே தனியாகப் படியும். நீருக்கும் டீசலுக்கும் நடுவே கருப்பாக, வழவழப்பாக ஒரு படலம் தெரிந்தால், டேங்கில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது; அது ஃபில்டரைத் திரும்பத் திரும்ப அடைக்கும். வடித்த டீசலில் வெள்ளி போல மினுக்கும் உலோகத் துகள் தெரிந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். பம்ப் உள்ளே அரைபட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தத் தூள் ரெயில், இன்ஜெக்டர், டேங்க் வரை போயிருக்கும் என்பதால் பம்ப்பை மட்டும் மாற்றினால் புதிய பம்ப்பும் நிற்காது.

எஞ்சின் ஆயில் அளவு கூடியிருக்கிறதா என்று குச்சியையும் ஒருமுறை பாருங்கள். ஆயில் குறைவதைக் கவனிக்கும் பலர் கூடுவதைக் கவனிப்பதில்லை. டீசல் ஆயிலில் கலந்தால் பேரிங் போய்விடும்.

கேள்வி கேட்டவர்: பாரவண்டி

நீங்கள் மூவரும் இவ்வளவு நிதானமாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. நான்கு நாள்களில் செய்து முடித்த சோதனைகளின் முடிவுகளை அப்படியே தருகிறேன்.

வாட்டர் செபரேட்டரில் வடித்ததில் மிகக் கொஞ்சம் நீர் மட்டும் இருந்தது. படலமும் இல்லை, உலோகத் துகளும் இல்லை. ஆயில் அளவு கூடவில்லை. மேட்டில் டேங்க் மூடியைத் திறந்தபோது எந்தச் சத்தமும் கேட்கவில்லை, வண்டியின் இழுவையும் மாறவில்லை.

கைப் பம்ப்பைச் சுமார் நாற்பது முறை அழுத்திய பிறகு கெட்டியானது. உடனே ஸ்டார்ட் செய்ததில் மூன்று விநாடிக்குள் எஞ்சின் பற்றியது. தெளிவான ஹோஸில், பத்து நிமிடம் ஓடிய பிறகும் சிறுசிறு குமிழ்கள் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தன. வேக்வம் கேஜ் கையேட்டின் வரம்புக்கு வெகு கீழேதான் காட்டியது. கேனிலிருந்து ஓட்டியபோது குமிழ் இரண்டே நிமிடத்தில் முற்றிலும் நின்று, ஐடிலிங் ஊசலாட்டமும் நின்றது. ஆனால் தாளத்தோடு வரும் அதிர்வு மட்டும் போகவில்லை. பம்ப்மேடை அவர்கள் சொன்னதுபோலவே விநாடிக்கு ஐந்து தட்டாக அது தெளிவாகத் தெரிந்தது.

மூன்றாவது கேள்விக்கு விடை தேடிப் பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஃபில்டர் மாற்றிய அன்று மாலையே டேங்கை முழுதாக நிரப்பியிருக்கிறேன். அதற்கு முந்தைய வாரங்களையும் பார்த்ததில், டீசல் நிரப்பிய மறுநாள் காலை எந்தத் தொல்லையும் எழுதப்படவில்லை. டேங்க் பாதிக்குக் கீழே போன நாள்களில்தான் எல்லாப் புகார்களும் இருக்கின்றன. இத்தனை நாளாக இந்தத் தொடர்பு என் கண்ணில் படாமல் போனது. ஃபில்டர்தான் இரண்டு நாள் சரிசெய்தது என்று நான் நம்பியது தவறு என்று இப்போது தோன்றுகிறது. அடுத்து டேங்கிலிருந்து வரும் குழாயை முழுவதுமாக மாற்றிவிடலாமா?

பதில்: அளவுமானி

குறிப்பேடு வைத்திருந்ததால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. குழாய் முழுவதையும் மாற்றுவதற்கு முன் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றிப் பாருங்கள். வெளிக் குழாயிலோ, அதன் இணைப்பிலுள்ள ரப்பர் வளையமான ஓரிங்கிலோ ஓட்டை இருந்தால், டேங்கில் டீசல் எவ்வளவு இருந்தாலும் தொல்லை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். டீசல் மட்டம் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே போனால் மட்டும் தொல்லை வருகிறது என்றால், அந்த உயரத்தில்தான் விரிசல் இருக்க வேண்டும். விரிசல் டீசலில் மூழ்கியிருக்கும்வரை அதன் வழியாகவும் டீசலே உறிஞ்சப்படுவதால் ஒன்றும் தெரியாது. மட்டம் இறங்கி விரிசல் வெளியே தெரிந்ததும் அதன் வழியாகக் காற்று போகும். இரவில் எஞ்சின் நிற்கும்போது அதே விரிசல் வழியாகக் காற்று புகுந்து, குழாயில் நிற்கும் டீசல் டேங்குக்கே திரும்ப வடிந்துவிடும். காலையில் நீங்கள் நாற்பது முறை கைப் பம்ப்பை அழுத்த வேண்டியிருந்தது அந்தக் காலிக் குழாயை நிரப்பத்தான். மேட்டில் கூடுதலாகத் தெரிவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: வண்டி சாயும்போது டீசல் டேங்கின் பின்பக்கம் ஒதுங்கி, விரிசல் உள்ள இடத்தில் மட்டம் இன்னும் இறங்குகிறது, அதே நேரத்தில் எஞ்சினுக்கும் டீசல் அதிகமாகத் தேவைப்படுகிறது.

கழற்றுமுன் டேங்கின் மேற்பரப்பை நன்றாகத் துடைத்துவிடுங்கள். அங்கே படிந்த மண் உள்ளே விழுந்தால் புதுத் தொல்லை வரும். குழாயை வெளியே எடுத்ததும் அடிமுனையை அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மேல்முனை வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றை விடுங்கள். குமிழ் வரும் இடத்தில் அடையாளமிட்டு, அடியிலிருந்து அதன் உயரத்தை அளந்து, தொல்லை தொடங்கும் டீசல் மட்டத்தோடு ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது. விரிசலைப் பசை வைத்து ஒட்டப் பார்க்காமல் குழாயையே மாற்றுங்கள். அடிமுனையிலுள்ள வலையையும் சுத்தம் செய்துவிடுங்கள்.

பதில்: பம்ப்மேடை

அளவுமானி அவர்கள் சொன்ன வரிசைதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். குமிழோடு ரிட்டர்ன் சோதனை செய்திருந்தால் நாம் வேறு திசையில் போயிருப்போம். இனி அந்த மிஞ்சிய அதிர்வுக்கு வருவோம்.

காற்று முற்றிலும் நின்ற பிறகு ஸ்கேனரில் சிலிண்டர் பேலன்ஸ் மதிப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டர் எரிந்ததும் கிராங்க் எவ்வளவு வேகம் பிடிக்கிறது என்பதை கிராங்க் சென்சார் வழியாகக் கம்ப்யூட்டர் அளந்து, பின்தங்கும் சிலிண்டருக்குச் சற்று அதிகமாகவும் முந்தும் சிலிண்டருக்குச் சற்றுக் குறைவாகவும் டீசல் கொடுக்கும். ஒரு சிலிண்டருக்கு மட்டும் திருத்தம் வரம்பின் எல்லையில் நின்றால் அதுதான் நாம் தேடும் சிலிண்டர். சிலிண்டர் கட் சோதனையில் அதை நிறுத்தும்போது எஞ்சின் சத்தம் ஏறக்குறைய மாறாமல் இருந்தால் உறுதியாகிவிடும்.

ஆனால் அது பலவீனமான சிலிண்டர் என்று மட்டுமே தெரிந்திருக்கிறது. இன்ஜெக்டர்தான் குற்றவாளி என்று இன்னும் தெரியவில்லை. ஸ்கேனரில் ரிலேட்டிவ் கம்ப்ரஷன் சோதனை (ஆறு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது) இருந்தால் அதைச் செய்யுங்கள். கம்ப்ரஷன் ஆறிலும் சமமாக இருந்தால், வால்வு கிளியரன்ஸையும், ராக்கர் கவருக்கு உள்ளே இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரின் முனைகள் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிட்டு, ரிட்டர்ன் அளந்து, கடைசியாக அந்த இன்ஜெக்டரை வேறு சிலிண்டரோடு இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு இன்ஜெக்டரோடு சேர்ந்து இடம் மாறினால் இன்ஜெக்டர். பழைய சிலிண்டரிலேயே நின்றால் எஞ்சின்.

இடம் மாற்றும்போது மூன்றில் கவனம் வேண்டும். அடியிலுள்ள காப்பர் வாஷரைப் பழையதையே போடக் கூடாது. பழையது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் சிலிண்டருக்குள் எரிந்த வாயு கசிந்து ஹெட்டின் இருக்கையை அரித்துவிடும். இரண்டாவது, பெரும்பாலான காமன் ரெயில் இன்ஜெக்டர்களின் தலையில் ஒரு திருத்தக் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். தயாரிப்பில் ஒவ்வொன்றுக்கும் உள்ள சிறு வேறுபாட்டைச் சொல்லும் அந்தக் குறியீட்டை, புதிய இடத்துக்கு ஏற்பக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் நல்ல இன்ஜெக்டரும் அதிர்வு தரும். மூன்றாவது, கழற்றிய ஒவ்வொரு வாயையும் அந்த நிமிடமே சுத்தமான மூடியால் மூட வேண்டும். ஓரிரு மைக்ரான் இடைவெளியில் அசையும் உறுப்புகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத தூசியே பகை.

இன்னொன்று. ஒரு சிலிண்டர் சுத்தியலால் அடிப்பதுபோல ஓங்கிச் சத்தமிட்டு, ஐடிலிங்கிலும் புகையைக் கக்கினால், சோதனை எதையும் தொடராமல் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். இன்ஜெக்டரின் முனையான நாசில் மூடாமல் டீசலை ஊற்றிக்கொண்டிருக்கலாம். அந்நிலையில் ஓட்டினால் பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: பாரவண்டி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், வண்டியைப் பாரத்துடன் ஓட்டிப் பார்த்து, டேங்க் முழுதாகவும் கால் பங்காகவும் இருக்கும்போது அளந்த பிறகே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில், அதைத் தாங்கும் பட்டை பற்றவைக்கப்பட்ட இடத்தை ஒட்டி, பாதிச் சுற்றளவுக்கு மயிரிழை போன்ற விரிசல் இருந்தது. உலர்ந்த நிலையில் கண்ணுக்கே தெரியவில்லை. வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றை விட்டதும் சரம் போலக் குமிழ் வந்தது. அடியிலிருந்து அளந்ததில் அந்த இடம் டேங்கின் உயரத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே இருந்தது. குறிப்பேட்டில் தொல்லை தொடங்கும் டீசல் மட்டமும் அதுவேதான். புதுக் குழாயும் புதிய ஓரிங்குகளும் போட்ட பிறகு, டேங்க் கால் பங்காக இருந்த காலையிலும் இரண்டு விநாடியில் எஞ்சின் பற்றுகிறது. தெளிவான ஹோஸில் ஒரு குமிழும் இல்லை. அதே மேட்டில், அதே அளவு பாரத்துடன் ஏறும்போது ஸ்கேனரில் வேண்டிய ரெயில் பிரஷரும் உண்மையான ரெயில் பிரஷரும் கடைசிவரை ஒட்டியே சென்றன. முன்பு இரண்டுக்கும் இடையே 300 பாருக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தது.

அதிர்வு நான்காம் சிலிண்டரிலிருந்து வந்தது. கம்ப்ரஷன் ஆறிலும் சமமாக இருந்தது. வால்வு கிளியரன்ஸும் ஒயர் முனைகளும் சரியாக இருந்தன. ரிட்டர்ன் அளந்ததில் ஐந்து இன்ஜெக்டர்கள் 30 முதல் 36 மில்லிலிட்டர் வரை கொடுத்த அதே நேரத்தில் நான்காவது 95 மில்லிலிட்டர் கொடுத்தது. இரண்டாம் சிலிண்டரோடு இடம் மாற்றிக் குறியீடுகளையும் மாற்றிப் பதிந்தபோது, அதிர்வும் இரண்டாம் சிலிண்டருக்கு மாறியது. மேடையில் சோதித்தவரும் அந்த இன்ஜெக்டரின் கட்டுப்பாட்டு வால்வு இருக்கை தேய்ந்திருப்பதைக் காட்டினார். காற்றோடு ஓடிய நாள்களில்தான் அது தேய்ந்ததா, வயதாகித் தேய்ந்ததா என்பதை அவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆறுக்குப் பதிலாக ஒன்றை மட்டும் மாற்றினேன், பம்ப்பைத் தொடவில்லை. குறியீட்டைப் பதிந்த பிறகு பேலன்ஸ் மதிப்புகள் ஆறு சிலிண்டரிலும் கையேட்டு வரம்புக்குள் வந்துவிட்டன. மீதி ஐந்து இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவையும் இன்றைய தேதியோடு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்; அடுத்த ஃபில்டர் மாற்றத்தின்போது மறுபடி அளந்து இங்கேயே பதிகிறேன்.